மொரீசியஸ் தீவின் யூதத் தொழுகைக்கூடம்: கல்லறைக்கும் கூடத்திற்கும் இடைப்பட்ட அறுபது ஆண்டுகள்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியப் பெருங்கடலின் மொரீசியஸ் தீவில் கியூர்பிப் நகரத்தில் 2005ஆம் ஆண்டு முதல் ஒரு யூதத் தொழுகைக்கூடம் இயங்கி வருகிறது. ஏறத்தாழ 100 பேர் கொண்ட சிறு சமூகத்திற்குரியது அது. அதே தீவின் செயின்ட் மார்ட்டினில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியரால் சிறைவைக்கப்பட்டு இறந்த ஐரோப்பிய யூதர்களின் கல்லறை உள்ளது. இவ்விரண்டையும் ஒரே சமூகத்தின் தொடர்ச்சியாகக் கொள்ளும் பார்வை வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இரத்த உறவோ நிறுவனத் தொடர்ச்சியோ இல்லாத ஒரு சமூகம், தனக்கு முந்திய இறந்தோருக்குப் பொறுப்பேற்க நேர்ந்த சூழலை அது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மொரீசியஸ், யூதர், தொழுகைக்கூடம், போ பாசின், அட்லாண்டிக் கப்பல், புலப்பெயர்வு, அரசமைப்பு, நினைவு.

முன்னுரை

மொரீசியஸ் குறித்துத் தமிழில் நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளின் வரலாறு, கோயில்கள், காவடி வழிபாடு, தமிழ்க் கல்வி ஆகியவற்றைச் சார்ந்தவை. அது இயல்பே. எனினும் ஒரு தீவின் சமய வரலாறு அங்கு வாழும் பெரும் சமூகங்களின் வரலாற்றோடு முடிந்துவிடுவதில்லை. மிகச் சிறிய சமூகம் ஒன்று தனக்கென ஒரு வழிபாட்டிடத்தை எப்போது, எந்நிலையில், எப்பெயரில் அமைத்துக்கொள்கிறது என்பது, அத்தீவு தன் குடிமக்களை எவ்வாறு வகைப்படுத்துகிறது என்பதையும் காட்டிவிடும். இந்நோக்கில் கியூர்பிப் தொழுகைக்கூடம் ஆய்வுக்குரியதாகிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. தமிழ் விவிலிய மரபில் யூதர் கூடும் இடத்திற்குச் சீர்திருத்தத் திருச்சபையினர் 'ஜெப ஆலயம்' என்றும், பிற்காலப் பொது மொழிபெயர்ப்பு 'தொழுகைக்கூடம்' என்றும் வழங்கினர். எபிரேயத்தில் 'பேத் க்னெசெத்' என்பதன் பொருள் கூடுமிடம் என்பதே. எருசலேம் ஆலயம் ஒன்றே யூத மரபில் ஆலயம். பலி நிகழ்ந்த இடம் அது. அது கி.பி. 70இல் அழிந்த பின் உலகெங்கும் எழுந்தவை கூடங்களே. ஆகவே 'தொழுகைக்கூடம்' என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. இத்தேர்வு வெறும் மொழிநயம் பற்றியதன்று. கட்டடத்தைவிடக் கூடுகின்றவர்களே முதன்மை என்னும் கருத்து இச்சொல்லில் அடங்கியுள்ளது. வைதிக யூத மரபில் பொதுத் தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். இக்குழுவுக்கு 'மின்யான்' என்று பெயர். சில நவீனப் பிரிவுகள் பெண்களையும் இவ்வெண்ணிக்கையில் சேர்ப்பதுண்டு. பத்துப் பேர் கூடினால் சிறையறையும் தொழுகைக்கூடமாகும். கூடாவிடில் பளிங்கு மண்டபமும் வெறுங்கட்டடமே. மொரீசியஸ் வரலாறு இதற்கு நேர்ச் சான்று.

அட்லாண்டிக் கப்பலிலிருந்து போ பாசின் சிறைக்கு

1940 செப்டம்பரில் ருமேனியாவின் துல்சியா துறைமுகத்திற்கு வியன்னா, பிராகு, டான்சிக் முதலிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 3,600 யூதர்கள் தன்யூப் ஆற்றின் வழியாக வந்து சேர்ந்தனர். அவர்களை ஏற்றிக்கொள்ள மூன்று பழங்கப்பல்கள் காத்திருந்தன: பசிபிக், மிலோஸ், அட்லாண்டிக். சேருமிடம் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட பாலஸ்தீனம். ஆனால் 1939ஆம் ஆண்டு வெள்ளையறிக்கை, ஐந்தாண்டுகளில் 75,000 யூதர்களுக்கு மேல் குடியேறக் கூடாது என வரையறுத்திருந்தது. உரிய அனுமதியின்றி வந்தவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்' எனப்பட்டனர். நாட்சி ஆட்சியிலிருந்து உயிர் தப்பி வந்தோரை இச்சொல்லால் குறித்த கோப்புகளை இன்று வாசிக்கும் ஆய்வாளர், அச்சொல்லை ஆய்வுச் சொல்லாக எடுத்தாள இயலாது.

முதலிரு கப்பல்களில் வந்தோர் நவம்பர்த் தொடக்கத்தில் ஹைஃபா துறைமுகத்தில் பாட்ரியா என்னும் கப்பலுக்கு மாற்றப்பட்டனர். அவர்கள் ஒரு பிரித்தானியக் குடியேற்றத்திற்கு அனுப்பப்படுவர், போர் முடிந்த பின்னும் பாலஸ்தீனத்திற்குள் அனுமதிக்கும் எண்ணம் இல்லை என உயர் ஆணையர் ஹரால்டு மெக்மைக்கேல் அறிவித்தார். நவம்பர் 24இல் அட்லாண்டிக் வந்து சேர்ந்தது. மறுநாள் அதன் பயணிகளைப் பாட்ரியாவுக்கு மாற்றத் தொடங்கிய வேளையில், கப்பல் புறப்படாமல் தடுக்கும் நோக்கில் ஹகானா அமைப்பினர் வைத்த வெடி, எதிர்பார்த்ததற்கு மாறாகக் கப்பலையே மூழ்கடித்தது. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதன் விளைவு கொடியதொரு முரண். பாட்ரியாவில் இருந்து உயிர் பிழைத்தோர் பாலஸ்தீனத்தில் தங்க அனுமதிக்கப்பட்டனர். அட்லாண்டிக்கிலேயே எஞ்சியிருந்தோர் அத்லித் முகாமில் அடைக்கப்பட்டு, டிசம்பர் 9 அன்று வலுக்கட்டாயமாக இரு டச்சுக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். ஆடையணிய மறுத்துப் படுத்துக் கிடந்தவர்களைப் போர்வையோடு தூக்கிச் சென்றனர். ஒரு நாள் முன்பின்னாக எந்தக் கப்பலில் இருந்தார் என்பதே ஒருவர் ஹைஃபாவில் வாழ்வதா, மொரீசியசில் அடைபடுவதா என்பதைத் தீர்மானித்தது.

1940 டிசம்பர் 26 அன்று 1,580 பேர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கினர். ஆண்கள் 849, பெண்கள் 635, குழந்தைகள் 96. யூத நாட்காட்டியின்படி அது ஹனுக்கா விழாவின் இரண்டாம் நாள். எருசலேம் ஆலயத்தை மீளத் தூய்மைப்படுத்தி அர்ப்பணித்ததை நினைவுகூரும் எட்டு நாள் விளக்கு விழா அது. அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடம் போ பாசின் மத்தியச் சிறை. ஆண்கள் சிறைக்கட்டடங்களின் அறைகளிலும், பெண்களும் குழந்தைகளும் அதனையடுத்த தகரக் கூரைக் குடில்களிலும் வைக்கப்பட்டனர். இடையில் மதில் இருந்தது. கணவனும் மனைவியும் சந்திப்பதற்குத் தொடக்கத்தில் கடுமையான தடை இருந்தது; பின்னரே தளர்ந்தது. தடை தளர்ந்த பின் முகாமிலேயே குழந்தைகள் பிறந்தன.

சிறைக்குள் அமைந்த சமூகம்

போ பாசின் முகாம் வாழ்வைப் பற்றிய அடிப்படைச் சான்றுகளாக இரண்டைக் குறிக்கலாம். ஒன்று, முகாமில் இருந்தவரும் அங்கு இயங்கிய சியோனியச் சங்கத்தில் பொறுப்பு வகித்தவருமான அஹரோன் ஸ்வெர்க்பாம் 1960இல் யாத் வஷெம் ஆய்விதழில் எழுதிய நீண்ட கட்டுரை. மற்றொன்று, சிறுமியாக அக்காலத்தில் அத்தீவில் வாழ்ந்த மொரீசியஸ் பெண்மணி ஜெனவீவ் பித்தோ எழுதிய 'மொரீசிய ஷெக்கல்' என்னும் நூல். முன்னது மதிலுக்கு உள்ளிருந்து எழுந்த சான்று. பின்னது மதிலுக்கு வெளியிலிருந்து. இவற்றைச் சேர்த்துப் படித்தால், அடைக்கப்பட்டோர் வெறும் நோயாளிக் கூட்டமாக இருக்கவில்லை என்பது தெளிவாகும். பள்ளி நடந்தது; கைத்தொழிற் கூடங்கள் நடந்தன; 'போ பாசின் பாய்ஸ்' என்னும் இசைக்குழு தீவின் விழாக்களில் வாசித்தது. இளைஞர் சிலர் செக் நாட்டுப் படையிலும் பிறகு யூதப் படைப்பிரிவிலும் சேர்ந்து போருக்குச் சென்றனர்.

சிறைக்குள்ளேயே தொழுகையும் நடந்தது. இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. யூதர் தொழும்போது எருசலேமை நோக்குவர். மத்திய ஐரோப்பிய யூதருக்கு அது வழக்கமாகக் கிழக்குத் திசை. வீட்டுச் சுவரில் கிழக்கைக் காட்டும் 'மிஸ்ராக்' என்னும் அலங்காரப் பலகையைத் தொங்கவிடுவது அவர்கள் மரபு. போ பாசினிலிருந்து எருசலேமோ வடமேற்கில் இருக்கிறது. பருவங்களும் தலைகீழ். இளவேனில் விழாவாகிய பாஸ்கா, தென்கோளத்தில் இலையுதிர் காலத்தில் வரும். வியன்னாவின் வழிபாட்டு நூலைக் கையில் ஏந்தியவர்கள் திசையையும் பருவத்தையும் மாற்றி வாசிக்க வேண்டியதாயிற்று. ஆயினும் மின்யானுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்னும் விதி அச்சிறையில் ஒருநாளும் சிக்கலாக இருந்திருக்காது. மொரீசியஸ் வரலாற்றில் யூதர் எண்ணிக்கை உச்சத்தில் இருந்த காலம் அதுவே. அப்போது அவர்களுக்கென்று ஊருக்குள் ஒரு தொழுகைக்கூடம் இல்லை. இருக்கவும் முடியாது.

மலேரியாவும் குடற்காய்ச்சலும் பலரைக் கொன்றன. இறந்தோர் எண்ணிக்கையை நூல்கள் 124 முதல் 128 வரை வெவ்வேறாகத் தருகின்றன. அவர்களுக்கெனச் செயின்ட் மார்ட்டின் இடுகாட்டை ஒட்டி யூதக் கல்லறை நிலம் ஒதுக்கப்பட்டது. தீவின் ஒரே யூதக் கல்லறை இன்றளவும் அதுவே.

1945 பெப்ரவரியில் பாலஸ்தீனம் செல்ல அனுமதி உண்டு என அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் 1,300க்கும் மேற்பட்டோர் பிராங்கோனியா கப்பலில் ஹைஃபாவுக்குப் புறப்பட்டனர். ஏனையோருள் சிலர் தாம் விட்டுவந்த ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றனர். மொரீசியசில் குடியமர்ந்து ஒரு சபையாக வளரும் அளவுக்கு எவரும் எஞ்சவில்லை. எஞ்சியவை கல்லறைகள் மட்டுமே.

பொறுப்பாளர் இல்லாத இறந்தோர்

புதிய ஊரில் குடியேறும் யூதர்கள் தொழுகைக்கூடம் கட்டுமுன் கல்லறை நிலம் பெறுவதே பல நாடுகளில் காணப்படும் வரிசைமுறை. தொழுகையை வீட்டின் ஒரு கூடத்திலும் நடத்தலாம். இறந்தோரை அடக்கத் தூய நிலம் வேண்டும். மொரீசியசிலும் கல்லறை முதலில், கூடம் பின்னர் என்னும் வரிசையே காணப்படுகிறது. புறத்தோற்றத்தில் விதி பிறழவில்லை. ஆனால் பிற இடங்களில் கல்லறையை வாங்கியவர்களின் மக்களே கூடத்தையும் கட்டினர். இங்கோ, கல்லறையை விட்டுச் சென்றவர்கள் வேறு, அறுபது ஆண்டுகள் கழித்துக் கூடத்தை அமைத்தவர்கள் வேறு. சுற்றுலா எழுத்துகளும் சில பொதுக் குறிப்புகளும் போர்க்கால யூதர், இன்றைய யூதர் என அடுத்தடுத்த இரு பத்திகளில் சொல்லிச் செல்லும்போது, இடைவெளி மறைந்து, தொடர்ச்சி ஒன்று இருப்பது போன்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது.

இடைக்காலத்தில் கல்லறையைப் பேணியது தீவுக்கு வெளியே இருந்த அமைப்பு. போர்க்காலத்திலேயே முகாமுக்கு உதவி அனுப்பிய தென்னாப்பிரிக்க யூதர்கள், தங்கள் பிரதிநிதிகள் வாரியத்தின் வழியாகக் கல்லறைப் பராமரிப்பில் பங்கேற்றனர். பின்னர் ஆப்பிரிக்க யூதப் பேரவை அதில் ஈடுபட்டது. யூத மரபில் கல்லறை நிரந்தரமானது. பிணத்தை அகற்றி இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தல் பொதுவாக ஏற்கப்படுவதன்று. இறந்தவருக்குச் செய்யும் பணி, கைம்மாறு பெற இயலாதது ஆகையால் உண்மையான அருட்செயல் எனப் போற்றப்படுகிறது. எனினும் கல்லைப் பேணுதல் வேறு, இறந்தோர்க்குரிய 'கதீஷ்' வழிபாட்டை ஓதுதல் வேறு. கல்லைப் பேணப் பணம் போதும். கதீஷ் ஓதப் பத்துப் பேர் அத்தீவில் கூட வேண்டும்.

கியூர்பிப் கூடம்

2005இல் கியூர்பிப்பில் திறக்கப்பட்ட இடம் 'அமிக்கால் மொரீஸ்-இஸ்ராயேல்' என்னும் பெயர் கொண்ட மையத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சில் 'அமிக்கால்' என்பது நட்புச் சங்கம் என்னும் பொருளுடையது. சபை என்றோ சமூகம் என்றோ பெயர் சூட்டப்படாமல், இரு நாடுகளின் நட்புச் சங்கம் என்னும் பெயரின்கீழ் ஒரு தொழுகைக்கூடம் இருப்பது கவனத்திற்குரியது. இதற்கு மொரீசியசின் சட்டச் சூழலும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து. அந்நாட்டில் இந்துக்கள், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், ஆங்கிலிக்கர், பிரெஸ்பிட்டேரியர், ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகள் ஆகிய ஆறு சமயப் பிரிவினர்க்கே அரசின் ஏற்பும் மக்கள்தொகைக்கேற்ற மானியமும் நெடுங்காலமாக உண்டு. ஏனைய சமயத்தார் சங்கங்களாகப் பதிந்துகொள்ள வேண்டும். அவ்வாறாயின் சங்கம் என்னும் வடிவமே சிறு சமயக் குழுவுக்கு இயல்பான வீடு.

இக்கூடத்தைச் சார்ந்தோர் பெரும்பாலும் அண்மைக் காலத்தில் தொழில், வணிகம், ஓய்வு வாழ்வு கருதி வந்து குடியேறியவர்கள். முகாமில் அடைக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அல்லர். 2000களில் மொரீசியஸ் அரசு அயல்நாட்டார் வீடு வாங்குவதற்கும் முதலிடுவதற்கும் வழிவகுத்த திட்டங்களால் பிரான்சிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பலர் அங்குக் குடியேறினர். யூதரின் வருகையையும் இப்பெரும் போக்கோடு இணைத்தே காண வேண்டும். சிறைக்கப்பலில் வந்தோரும் விமானத்தில் வந்தோரும் ஒரே தீவில் இறங்கினர் என்பது தவிர, இரு வருகைகளுக்கும் பொதுவானது சமயம் ஒன்றே.

மொத்தம் 100 பேர் என்பதில் பெண்களும் சிறுவர்களும் அடங்குவர். பயணத்தில் இருப்போர் வேறு. ஆகவே ஒவ்வொரு வெள்ளி மாலையும் பத்து ஆண்கள் திரள்வது இத்தகைய தீவுச் சபைகளுக்கு எளிதன்று. முகாமில் மிகுதியாக இருந்தது எண்ணிக்கை, இல்லாதிருந்தது கூடம். இன்று நிலை தலைகீழ்.

இடத்தேர்வு பற்றியும் ஒரு சொல். கியூர்பிப் தீவின் நடு மேட்டுநிலத்தில், ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த, மழை மிகுந்த நகரம். 1866க்கும் 1868க்கும் இடையே மலேரியாக் கொள்ளைநோய் போர்ட் லூயிசைச் சூறையாடியபோது, வசதியுடையோர் மேட்டுநிலத்திற்கு ஏறியதாலேயே அது நகரமாயிற்று. போ பாசின் அதனினும் தாழ்ந்த நிலம். அங்கு அடைக்கப்பட்டோர் அந்நோய்க்கே பலியாயினர். தொழுகைக்கூடத்தை அமைத்தவர்கள் இதைக் கருதி இடம் தேர்ந்தனர் என்று சொல்ல வரவில்லை. 1949இல் தொடங்கிய ஒழிப்பு இயக்கத்திற்குப் பின் மலேரியா அங்கு அச்சுறுத்தலாக நீடிக்கவில்லை. ஆயினும் நோய்க்குத் தப்பிச் செல்லும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பதை இவ்விரு ஊர்களின் வரலாறு காட்டுகிறது.

அரசமைப்பில் இடமில்லாதோர்

1968ஆம் ஆண்டு அரசமைப்பின் முதல் அட்டவணை மொரீசியஸ் மக்களை இந்துக்கள், முஸ்லிம்கள், சீன மொரீசியர் என மூன்று சமூகங்களாகக் குறித்து, வாழ்முறையால் இம்மூன்றனுள் அடங்காதவராகத் தோன்றும் எவரும் 'பொது மக்கள்' என்னும் நான்காம் சமூகத்தவர் என விதிக்கிறது. நாடாளுமன்றத்தில் எட்டுக் கூடுதல் இடங்களைப் பங்கிடும் முறை இப்பிரிவினையைச் சார்ந்தது. அதற்கு அடிப்படை 1972ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இதன்படி மொரீசியக் குடிமகனாகும் ஒரு யூதர், கத்தோலிக்கக் கிரியோல் மக்களோடும் பிரெஞ்சு வழிவந்தோரோடும் ஒரே கட்டத்தில் வைக்கப்படுவார்.

இவ்விடத்தில் தமிழாய்வாளர்க்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சமயப் பகுதியில் 'தமிழ்' என்று தம்மைப் பதிந்துகொள்வோர் கணிசமாக இருந்தும், அரசமைப்பு அட்டவணையில் தமிழர் இந்துச் சமூகத்துள் அடக்கப்பட்டவரே. ஒரு சாரார் பெரிய பெயருக்குள் கரைகின்றனர். மற்றொரு சாரார் எஞ்சியோர் பட்டியலில் சேர்கின்றனர். தமிழர்க்கு எண்ணிக்கையும் கோயில் கூட்டமைப்பும் தைப்பூச விடுமுறையும் இருப்பதால் ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. ஆனால் ஒரு சமூகம் அரசின் கட்டங்களுக்குள் தன் பெயரால் இடம்பெறாதபோது, அதன் வழிபாட்டிடமே அதன் பதிவேடாகிவிடுகிறது என்னும் கூறு இருவர்க்கும் பொதுவானது.

நினைவிடங்களின் வரைபடத்திலும் இதே நிலைதான். ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இலும், தப்பியோடிய அடிமைகளின் புகலிடமான லெ மோர்ன் மலை 2008இலும் உலக மரபுச் சின்னங்களாயின. கட்டாயப் பெயர்ச்சிக்குத் தேசிய வரலாற்றில் இவ்வளவு முதன்மை தரும் நாட்டில், போ பாசின் அடைப்பு நீண்ட காலம் ஓரமாகவே இருந்தது. நத்தாஷா அப்பனா 2007இல் பிரெஞ்சில் வெளியிட்ட 'கடைசிச் சகோதரன்' என்னும் பொருள்படும் நாவல், இந்திய வழிவந்த ஒரு மொரீசியச் சிறுவனுக்கும் முகாமில் அடைபட்ட ஒரு யூதச் சிறுவனுக்கும் இடையிலான நட்பைக் கதையாக்கி, இந்நிகழ்வைத் தீவுக்கு வெளியிலும் அறியச் செய்தது. 2014இல் செயின்ட் மார்ட்டின் கல்லறையை ஒட்டி நினைவு, தகவல் மையம் திறக்கப்பட்டது. சிறை இன்றும் சிறையாகவே இயங்குவதால் நினைவு மையம் அதனுள் அமைய வழியில்லை. இறந்தோர் பக்கத்தில்தான் அதற்கு இடம் கிடைத்தது.

இவ்வாறு மொரீசியசின் யூத வரலாறு இன்று இரண்டு இடங்களில் பிரிந்து நிற்கிறது: வாழ்வோருக்குரிய கியூர்பிப் கூடம், இறந்தோருக்குரிய செயின்ட் மார்ட்டின் நிலம். இவற்றை இணைப்பது வம்சாவளியன்று. செயின்ட் மார்ட்டினில் கதீஷ் ஓதத் தேவையான பத்துப் பேரைத் தீவுக்குள்ளிருந்தே தரக்கூடிய சபை கியூர்பிப்பில் இருக்கிறது என்பதே. இத்தகைய உறவை 'தொடர்ச்சி' என்னும் சொல்லால் குறிப்பதைவிடப் 'பொறுப்பேற்பு' எனக் குறிப்பதே பொருந்தும்.

ஆய்வு செல்ல வேண்டிய திசை ஒன்று எஞ்சியுள்ளது. மதிலுக்கு வெளியே வாழ்ந்தோர் பெரும்பாலும் இந்திய வழிவந்தோர்; அவர்களுள் தமிழரும் அடங்குவர். போ பாசினிலும் அதனையடுத்த ரோஸ் ஹில்லிலும் வாழ்ந்த குடும்பங்களில் 'வெள்ளைக்காரரையே வெள்ளைக்காரர் அடைத்து வைத்த' காலம் எவ்வாறு பேசப்பட்டது என்பது எழுத்துச் சான்றுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. பித்தோவின் நூல் பிரெஞ்சு மொழிச் சூழலில் வளர்ந்த ஒருவரின் பார்வை. அப்பனாவின் நூல் புனைவு. 1945இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு. கிரியோலிலும் போஜ்பூரியிலும் தமிழிலும் அவ்வாய்மொழி நினைவுகளைத் திரட்டும் பணி, ஆவணக் காப்பகங்களைப் போலக் காத்திருக்காது.